செங்கம்மா பேரில் தூக்கிய கை

திருத்தணி சென்னை ராஜ்ஜியத்தோடு போய், நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டதற்கு மறு வருஷம். செங்கம்மாவின் மகள் யசோதா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஊரில் பிரசவம் பார்த்துவந்த நர்சை, பல ஊர்களுக்குப் பொதுவான பஞ்சாயத்துச் சமிதியின் பிரெசிடெண்டு தன் ஊருக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். வலி கண்டதும் வண்டி கட்டினார்கள். நகரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே, வண்டியிலேயே குழந்தை பிறந்து, அழாமலே அடங்கிவிட்டது.

துக்கம் ஆறுமுன்னே செங்கம்மா சமிதி ஆபீசுக்குப் போனாள். கணவன் அப்பாவு காலையிலேயே எங்கோ கிளம்பிவிட்டிருந்ததால் அவனிடம் சொல்லவில்லை. உள்ளே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றே கத்தினாள்.

"எங்கூரு நர்சம்மாவ மாத்தச் சொன்னது யாரு? எம் பேரப்புள்ள செத்துப்பூட்ச்சி!"

சித்தூரிலிருந்து புதிதாக வந்திருந்த அதிகாரி பேரைக் கேட்டார். சொன்னாள். அவர் திகைத்தார்.

"மீரேனா? நீங்கதான் மெம்பர் செங்கம்மாவா? சமிதியில ரெண்டு பொம்பளைங்க இருக்கணும்னு சட்டம். அதுல நீங்க ஒருத்தர். நர்ச மாத்த நீங்களும் ஒத்துக்கிட்டிருக்கீங்களே!"

"நானா? இந்தப் படியே நான் ஏறினதில்ல சாமி!"

எல்லார் பார்வையும் ஒரு நாற்காலிக்குப் போனது. அதில், துண்டை மடியில் சுருட்டிக்கொண்டு அப்பாவு உட்கார்ந்திருந்தான்.



"நீயாய்யா கைய தூக்கின?"

"பிரெசிடெண்டு உன் பேர எழுதிக்கிட்டு, உம் பதிலுக்கு என்ன வரச் சொன்னாரு... உனக்கு இன்னா தெரியும்னு சொல்லாம வுட்டுட்டேன்."

"யசோதா வவுத்துல புள்ள இருக்கச் சொல்லோ? எம் பேர்ல?"

நர்சை மாற்றியவர்கள் என்று சாவு வீட்டில் அவள் யாரையெல்லாம் மண்ணை வாரித் தூற்றினாளோ, அவர்களில் அவளும் ஒருத்தி.

அதிகாரி அப்பாவுவை எழுப்பினார். அவள் உள்ளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு பொம்பள மெம்பரு எங்க?" என்று கேட்டாள். பக்கத்து நாற்காலியிலிருந்த மீசைக்காரர், "எங்க அக்கா. வீட்ல இருக்குது" என்று முனகினார்.

"நர்சம்மாவ திருப்பி அனுப்பணும்" என்று செங்கம்மா கையைத் தூக்கினாள். வேறொரு கையும் எழவில்லை.

அதன்பின் எல்லாக் கூட்டத்துக்கும் அவளே போனாள். அதையேதான் கேட்டாள். மீசைக்காரரின் அக்கா கங்கம்மாளையும் வீடு தேடிப் போய் அழைத்துவந்தாள். மெல்ல மற்றக் கைகளும் எழுந்தன; மழைக்காலத்தில் நர்ஸ் ஊருக்குத் திரும்பினாள். யசோதா மட்டும் அவள் நைனா அப்பாவுவோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.