லட்டுக்கு ஒரு கரை

தண்ணீர் விஷயத்தில் விவசாயி சாரங்கபாணிக்குப் புத்தி சொல்லக் குத்தாலம் பக்கத்தில் ஆள் பிறக்கவில்லை. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார், லட்டு வரும்வரை.

லட்டு என்பது அவர் மகள் குந்தவை வளர்த்த ஆமை. உள்ளங்கை அகலம், கன்னத்தில் சிவப்புக் கோடு. பெங்களூரில் வேலை கிடைத்துப் போனவள், விடுதியில் ஆமை கூடாது என்று சொல்லிவிட்டதால், கண்ணாடிப் பெட்டியோடு அதை அப்பாவிடம் விட்டுப் போனாள். பெட்டியைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இதென்ன, ஆமைய ஊறுகாயா போட்டு வச்சிருக்கா?"

கொத்தனாரைக் கூப்பிட்டுக் கொல்லையில், முருங்கை மர நிழலில், சிமென்ட் தொட்டி கட்டினார். சிமென்ட்டின் காரம் போகப் பல தடவை தண்ணீர் நிரப்பி வடித்தார். அடியில் ஒரு மடை வைத்து, அழுக்குத் தண்ணீர் வாழைக்குப் போக வழி செய்தார். கடைசியில் மேலே ஒரு சாண் மட்டும் விட்டு நிரப்பி லட்டுவை இறக்கினார். "நீந்துடா ராஜா, எல்லாம் உனக்குத்தான்!"

லட்டு நீந்தியது. நீந்திக்கொண்டே இருந்தது. சுவரைப் பிறாண்டியது. மிதந்த பிளாஸ்டிக் மக்கின் மேல் ஏறப் பார்த்து வழுக்கி விழுந்தது. விளையாடுகிறது என்று அவர் பூரித்துப் போனார். நாலைந்து நாளாக அது தீனியைத் திரும்பியும் பார்க்கவில்லை. தண்ணீர் பற்றவில்லையோ என்று மனிதர் இன்னும் கொஞ்சம் விட்டார்!

குந்தவை போனில் சொன்னாள்: "சனிக்கிழமை வர்றேன்ப்பா. அப்பவும் அது சாப்பிடலன்னா திருச்சியில ஃப்ரெண்டு வீட்டுல கொண்டுபோயி விட்டுடுறேன். நீங்க வருத்தப்படக் கூடாது."

வருத்தப்படாமல்? மகள் போனபின் அந்த வீட்டில் அவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரே ஜீவன் அதுதான். அதுவும் போய்விட்டால் காலையில் யாரோடு பேசுவது? மனைவி பிரகதாம்பாளோ, "உங்க பேச்சக் கேட்டுக் கேட்டுத்தான் அதுக்குச் சோறு இறங்கல" என்றாள்.

வெள்ளிக்கிழமை வயலுக்குப் போனார். பக்கத்து வயல் பஞ்சநதம் குறுவை நெல்லுக்குத் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொண்டு, பயிர் ஏன் வெளிறுகிறது என்று கேட்டான்.

"ஏம்ப்பா, எந்நேரமும் தண்ணியிலயே நிறுத்தி வச்சா மூச்சு முட்டாதா? வடிய விடு. காயட்டும், வெயில் படட்டும். அப்புறம் பாய்ச்சு. காய்ச்சலும் பாய்ச்சலுமா இருந்தாத்தானே..."

வாய் அப்படியே நின்றுவிட்டது.

"என்னண்ணே?"

"அட மட சாம்பிராணி!"

"யாரு, நானா?"

"நான்தாம்ப்பா!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஓட்டமெடுத்தார்.

வந்த வேகத்தில் மடையைத் திறந்து பாதித் தண்ணீரை வாழைக்கு விட்டார். ஒரு மூலையில் செங்கல்லை அடுக்கி, ஆமை ஏறிவரச் சரிவு வைத்து, தண்ணீருக்கு மேலே ஒரு பலகைக்கல்லைப் போட்டார். கல்லில் வெயில் விழவில்லை. அரிவாளோடு முருங்கையில் ஏறினார்.

"அந்தக் கிளைய வெட்டுங்கன்னு சித்திரையிலேர்ந்து கத்துறேன், காதுல விழல. ஆமைக்குன்னா மட்டும் மரமேறத் தெரியுது!" என்றாள் பிரகதாம்பாள்.

சனிக்கிழமை காலை குந்தவை கையில் மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவோடு வந்து இறங்கினாள். லட்டுவைத் தூக்கிப் போகத்தான். சாரங்கபாணி கொல்லைக்கு அழைத்துப் போனார்; பிரகதாம்பாளும் பின்னாலேயே வந்தாள். கல்லின் மேல் வெயிலில் கழுத்தை நீட்டி, பின்னங்கால்களைப் பரப்பிக்கொண்டு ஜம்மென்று கிடந்தது லட்டு.

குந்தவை தீனியை நீட்டினாள். அது அசையவில்லை. சாரங்கபாணி ஒரு துண்டை நீட்டினார். தொபுக்கென்று லட்டு தண்ணீரில் விழுந்து, நீந்தி வந்து, லபக்கென்று கவ்வியது. இன்னொன்று. அதையும்.

"அம்மா, இது என்னைய மறந்துடுச்சும்மா!" என்று சிரித்தாள் குந்தவை. கண்ணில் தண்ணீர்.

"மாசாமாசம் வந்துட்டுப் போனா ஏன் மறக்கப்போவுது?" என்றார் சாரங்கபாணி, தொட்டியைப் பார்த்தபடியே.

அவள் அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். "வர்றேன்ப்பா."

ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பா பெங்களூருக்குத் திரும்பியது, நிறைய முறுக்கோடு.