லைட்டக்காவின் இடது கன்னம்

விசா விண்ணப்பம் இரண்டாவது தடவையும் திரும்பி வந்தது. காரணம் அதேதான். படம் ஏற்கப்படவில்லை.

லைட்டக்காவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. வேறு யார் வீட்டுப் படமாவது திரும்பினால் சரி. இது போட்டோ ஸ்டூடியோ. கடைத்தெருவில் வெளிநாடு போன பாதிப் பேர் இந்த வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்துவிட்டுத்தான் போனார்கள். ஸ்டூடியோக்காரர் படம் எடுப்பார், அவர் மனைவி பக்கத்தில் நின்று விளக்கைப் பிடிப்பாள். இருபத்தாறு வருடமாகப் பிடிக்கிறாள். சொந்தப் பெயர் போய் லைட்டக்கா ஆனது அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை விமானம். இன்று திங்கள். தங்கை குடும்பத்தோடு ஐந்து நாள் கடற்கரை. கல்யாணமான நாளிலிருந்து கடையைச் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் மூடியதில்லை. தங்கை வீட்டில் எல்லோருக்கும் விசா வந்துவிட்டது. ஸ்டூடியோக்காரருக்கும் வந்துவிட்டது. இவளுக்குத்தான் வரவில்லை. இன்னும் ஒரே ஒரு முறை அனுப்பலாம் என்று இணையதளம் சிவப்பு எழுத்தில் சொன்னது. அதுவும் தவறினால் தூதரகத்துக்கு நேரில் போக வேண்டும். அங்கே மூன்று வாரத்துக்கு இடமில்லை.

தங்கை போன் செய்தாள்.

"என்னக்கா, வந்துடுச்சா?"

"திருப்பி அனுப்பிட்டாங்க."

"மறுபடியுமா? ஊருக்கெல்லாம் போட்டோ எடுக்கிற வீட்ல போட்டோ சரியில்லையா? விளக்கைப் பிடிச்சுக்கிட்டே கிணத்துல விழுந்த கதையால்ல இருக்கு!"

"சிரிக்காதடி. வயிறு எரியுது."

"நாங்க ரயில் ஸ்டேஷன்ல இருக்கிற மெஷின்ல எடுத்தோம். அரை நிமிஷம். மாமாகிட்ட சொல்லிடாத, மனசு உடைஞ்சிடுவாரு."

"வை போனை."

ஸ்டூடியோக்காரர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார். "எவனோ கத்துக்குட்டி உக்காந்து பாக்குறான். எங்கயாவது நிழல் விழுந்திருக்கா சொல்லு. ரெண்டு காதும் தெரியுது. எனக்கே போட்டோ சொல்லித் தர்றானா?"

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"இன்னொண்ணு எடுத்துடலாம். வந்து உக்காரு."

"என்ன தப்புன்னே தெரியாம எடுக்கிறதா? மூணாவதும் திரும்பி வரணுமா?"

அவள் கடிதத்தை இன்னொரு முறை படித்தாள். இந்தத் தடவை கீழே ஒரு வரி கூடுதலாக இருந்தது. படத்தில் இருப்பவரும் பாஸ்போர்ட்டில் இருப்பவரும் ஒருவரே என்று உறுதிப்படுத்த இயலவில்லை.

"நான் நானில்லையாம்" என்றாள்.

அவர்கள் வேலையைப் பங்கு போட்டு வைத்திருந்தார்கள். முகம் அவர் பொறுப்பு. விண்ணப்பத்தை நிரப்புவதும், படத்தைச் சொன்ன அளவுக்குச் சுருக்கி ஏற்றுவதும் இவள் பொறுப்பு. அளவைப் பார்ப்பாள், ஓரத்தைப் பார்ப்பாள். முகத்தைப் பார்த்ததில்லை. தன் முகத்தில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது?

பாஸ்போர்ட்டை எடுத்து வந்து கணினித் திரைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். அதில் இருந்தது அரசு அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா கடனே என்று எடுத்த படம். கண் வீங்கியிருந்தது. முடி கலைந்திருந்தது. இடது கன்னத்தில் கண்ணுக்குக் கீழே தொடங்கி உதட்டோரம் வரை தழும்பு ஓடியது.

திரையில் இருந்த கன்னம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. முதல் தடவை அனுப்பிய படத்தைத் திறந்தாள். அதுவும் அப்படித்தான்.

"என்னங்க, இங்க வாங்க. இது எங்க?" தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார். "எது?"

அந்த ஒரு சொல்லில் அவளுக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. அவர் நடிக்கவில்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அப்புறம்தான் புரிந்தது.

"ஓ. டச்சப்ல போயிருக்கும்."

"அதுவாப் போச்சா?"

"கைப்பழக்கம்மா. முகம்னு ஒண்ணு வந்தா கை தானாப் போயிடும். பரு, மரு, கருவளையம்... எல்லாருக்கும் எடுக்கிறதுதானே?"

"இது பருவா?"

அவர் பாஸ்போர்ட்டை மூடி வைத்தார்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. நூறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அவள் கையிலிருந்த விளக்கு வெடித்து ஒரு சில்லு கன்னத்தைக் கிழித்தது. அவர் கண் கேமராவில் இருந்தது. "ஒரு நிமிஷம், அசையாத" என்றார். படத்தை எடுத்து முடித்துவிட்டுத்தான் திரும்பினார். ஏழு தையல். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. தொழில் அப்படி என்று இருந்துவிட்டாள்.

"விண்ணப்பத்துல அடையாளம்னு கேட்டான். இடது கன்னத்தில் தழும்புன்னு என் கையால அடிச்சேன். அதுக்குப் பக்கத்துலயே நீங்க துடைச்ச மூஞ்சி. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சு, சாப்பிடுங்கன்னு நாமளே நீட்டியிருக்கோம். கத்துக்குட்டியாம்! என் முகத்தை ஒழுங்காப் பாத்தவன் அவன் ஒருத்தன்தான்."

"அழகா இருக்கட்டும்னுதான்..."

"உங்க போட்டோவைத் திறங்க."

திறந்தார். வழுக்கையின் பளபளப்பு, கண்ணுக்குக் கீழே பை, மூக்கின் மேல் மரு. எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

"இதுல ஏன் கை தானாப் போகல?"

"எனக்கு எதுக்கும்மா? என்னை யாரு பாக்கப் போறா?"

"என்னை மட்டும் யாரு பாத்தா? நீங்களே பாக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் விளக்கைக் கம்பத்தில் மாட்டி, போட்டுவிட்டு, வெள்ளைத் திரைக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்தாள். "எடுங்க."

அவர் கேமராவைத் தூக்கினார். வழக்கம்போல விளக்குப் பக்கம் ஒரு பார்வை. அங்கே ஆள் இல்லை, கம்பம்தான் நின்றது.

"ஒரு நிமிஷம், அசையாத" என்றார். சொன்ன பிறகு கேமராவை மெல்ல இறக்கினார்.

"அசைய மாட்டேன். அன்னிக்கும் அசையல."

எடுத்தார்.

கணினியில் படம் விரிந்தது. மவுஸின் மேல் இருந்த அவர் கை, தன் போக்கில், அம்புக்குறியைக் கன்னத்துக்குக் கொண்டுபோனது. அவள் மவுஸைப் பிடுங்கிக்கொண்டாள். அளவைச் சுருக்கினாள். ஏற்றினாள். அனுப்பினாள்.

புதன் மதியம் விசா வந்தது.

"பாத்தியா?" என்றார் ஸ்டூடியோக்காரர். "நான்தான் சொன்னேனே, வெளிச்சம் பிரமாதம்னு."

அவள் விசாவை அச்செடுத்து இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தாள். கேமராவின் வாரை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"அங்க போட்டோ நான் எடுக்கறேன். நீங்க லைட்டப் பிடிங்க."

"கடற்கரையில வெயில் கொளுத்துமேம்மா. லைட் எதுக்கு?"

"பிடிங்க."