படிக்கட்டில் உட்காரக் கூடாது

எத்திராஜ் மாஸ்டரிடம் பள்ளி நூலகத்தின் சாவியைக் கொடுத்தபோது, அவர் முதலில் செய்த காரியம் விசிலுக்குப் புதுக் கயிறு வாங்கியதுதான். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பி.டி. மாஸ்டராகவே இருந்தவர். கையில் விசில் இல்லாமல் ஒரு பொறுப்பை எப்படி ஏற்பது என்று அவருக்குத் தெரியாது. புத்தகங்களுக்குக் காது கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது. இன்றைக்கு இதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். அன்றைக்கு யாராவது சிரித்திருந்தால் முட்டி போட வைத்திருப்பார்.

பள்ளிக்கூடம் அல்சூர் ஏரிக்குப் போகிற வழியில் இருக்கிறது. மைதானத்தில் பாதியைப் பள்ளிப் பேருந்துகள் பிடித்துக்கொண்டன, மீதியைப் புதுக் கட்டிடம். அதே வருடம் மாஸ்டரின் இடது முட்டியும் போயிற்று. மைதானமும் முட்டியும் பேசி வைத்துக்கொண்டு காலை வாரிவிட்டன என்றுதான் அவருக்குத் தோன்றியது. பள்ளியின் கரஸ்பாண்டென்ட் யசோதா மேடம் கூப்பிட்டனுப்பினார்.

"கிரவுண்டே இல்ல மாஸ்டர். பி.டி. மாஸ்டரை வெச்சு நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க. லைப்ரரி சும்மனே பூட்டிக் கெடக்கு. இந்த வருஷம் அத நீங்க பாத்துக்கங்க. பசங்க வந்து படிச்சா லைப்ரரியும் இருக்கும், நீங்களும் இருப்பீங்க. இல்லன்னா அந்த ரூமை கம்ப்யூட்டர் லேபுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் உங்களுக்குக் குடுக்க எங்கிட்ட வேற வேல இல்ல."

மாஸ்டருக்குப் பயம் வந்தது. பள்ளிக்கூட மணிச் சத்தம் கேட்காமல் அவருக்குப் பசிகூட எடுக்காது. வீட்டில் உட்காரலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை வைத்துச் சமாளிப்பதே பெரும்பாடு என்பது அவர் மனைவியின் கட்சி. எப்படியாவது இந்த நூலகத்தை நடத்திக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தார்.

நடத்திக் காட்டினார். அதுதான் பிரச்சினை.

உள்ளே போய்ப் பார்த்ததும் அவருக்கு ரத்தம் கொதித்தது. ஒரு புத்தகம் சிவப்புச் சட்டை போட்டிருந்தது, பக்கத்தில் நின்றது பூப்போட்ட சட்டை. ஒன்று குட்டை, அடுத்தது நெட்டை, அதற்கடுத்தது சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு அசெம்பிளியை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. தசரா விடுமுறை முழுவதும் உட்கார்ந்து எல்லாப் புத்தகத்துக்கும் பிரவுன் அட்டை போட்டார். ஊருக்கெல்லாம் ஒரே யூனிஃபார்ம். முதுகில் ஒரு எண் மட்டும். பிறகு அசெம்பிளியில் பிள்ளைகளை நிறுத்துவதுபோல உயர வரிசையில் நிறுத்தினார். குட்டைப் புத்தகங்கள் இடது ஓரம், நெட்டைப் புத்தகங்கள் வலது ஓரம். தமிழ், கன்னடம், ஆங்கிலம், இந்தி என்ற பாகுபாடே இல்லை. அலமாரியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சரிவாக ஒரு கோடு ஏறிப் போனது. எட்ட நின்று பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு அழகு.

பள்ளி திறந்ததும் ஆறாம் வகுப்பு அனுஷா வந்து கேட்டாள்.

"சார், டைனோசர் புக் இருக்கா?"

"எவ்ளோ ஒசரம்?"

"எது சார், டைனோசரா?"

"புக்கும்மா! புக்கு எவ்ளோ ஒசரம்னு சொல்லு, எடுத்துத் தர்றேன்."

அவள் கையை மேலும் கீழும் வைத்துக் காட்டினாள். அந்த அளவுக்குச் சரியாக ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். பிறகு தெரிந்தது, அது சர்க்கரை நோய்க்காரர்களுக்கான சமையல் குறிப்பு.

மாற்றித் தரவில்லை. ஏனென்றால் அதற்குள் விதிகள் பிறந்துவிட்டன. வாசலில் பெரிய போர்டில் பெயிண்டால் எழுதி மாட்டியிருந்தார். செருப்பு, ஷூ வெளியே. கையைக் கழுவி, காட்டிவிட்டு உள்ளே வரவும். வரிசையில் வரவும். நிமிர்ந்து உட்காரவும். பேசக் கூடாது. எடுத்த புத்தகத்தைப் படித்து முடிக்காமல் மாற்றக் கூடாது. அட்டை கசங்கினால் அந்த டேர்ம் முழுக்கப் புத்தகம் கிடையாது. எழுதி முடித்தபோது, இதில் எதைத் தாண்டியும் ஒரு தப்பு நடக்க முடியாது என்று தெம்பாக இருந்தது. எதைத் தாண்டியும் ஒரு பிள்ளை உள்ளே வர முடியாது என்பது அந்தப் பெரிய மண்டைக்குத் தோன்றவில்லை.

ஏழாம் வகுப்பு தருண் அந்த வருடம்தான் சேலத்திலிருந்து வந்தவன். அவனுக்குக் கிடைத்தது கன்னடப் புத்தகம்.

"சார், எனக்குக் கன்னடம் படிக்க வராது சார்."

"எடுத்தா எடுத்ததுதான். ரூல்னா ரூல்."

இதைச் சொன்னவருக்கும் கன்னடம் படிக்க வராது என்பதுதான் கூத்து. பிறந்தது வளர்ந்தது எல்லாம் அல்சூர். கன்னடத்தில் பேரம் பேசுவார், கண்டக்டரோடு சண்டை போடுவார், ஆட்டோக்காரரையே அழ வைப்பார். ஆனால் படித்தது தமிழ் மீடியம், அதுவும் முக்கால்வாசி மைதானத்தில். கன்னடத்தில் அவருக்குப் படிக்கத் தெரிந்தது பேருந்தின் நெற்றியில் ஓடும் ஊர்ப் பெயர்கள்தான். நூலகத்துக்குப் பொறுப்பானவர் இதை வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா? மூச்சு விடாமல் இருந்தார்.

நாளாக ஆக நூலகத்தில் அமைதி நிலவியது. மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். பிள்ளைகள் கையை நீட்டிக் காட்டி, புத்தகத்தை வாங்கிக்கொண்டு, சொல்லி வைத்ததுபோல வெளியே ஓடினார்கள். ஒழுக்கம் என்றால் இதுதான் என்று மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஓடியவர்கள் எங்கே போகிறார்கள் என்று அவர் யோசித்ததே ஒரு மதியம் மொட்டை மாடிப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டபோதுதான்.

புதுக் கட்டிடத்தின் பின்படிக்கட்டு, பூட்டிக் கிடக்கும் மொட்டை மாடிக் கதவில் போய் முடிகிறது. அங்கே ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. படிக்கு இரண்டு பேர், மடியில் பிரவுன் அட்டை, நடுநடுவே சிப்ஸ். விசிலை ஊதினார். சிட்டாய்ப் பறந்துவிட்டார்கள். அன்றே போர்டில் கடைசி விதி ஏறியது: படிக்கட்டில் உட்காரக் கூடாது.

மறுநாள் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக முன்கூட்டியே போய், படிக்கட்டுக்கு அடியில் உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே ஒளிந்து நின்றார். மேலே காலடிச் சத்தம். பிறகு ஏழாம் வகுப்பு சோஃபியாவின் குரல். பிரேசர் டவுன் பெண், கன்னடத்தில் வகுப்பிலேயே முதல். தருணுக்குக் கிடைத்த புத்தகத்தைக் கன்னடத்தில் ஒரு வரி படிப்பதும் அதைத் தமிழில் சொல்வதுமாக இருந்தாள்.

கதை ஒரு பயில்வானைப் பற்றியது. ஊரே பார்த்து நடுங்கும் பயில்வான். ஆனால் அவனுக்குத் தண்ணீர் என்றால் பயம், அது யாருக்கும் தெரியாது. திருவிழாவுக்கு முதல் நாள் கிணற்றில் விழுந்துவிடுகிறான். கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறான். மேலே ஆள் நடமாட்டம் கேட்கிறது. கூப்பிட்டால் மானம் போகும், கூப்பிடாவிட்டால் உயிர் போகும்.

மாஸ்டர் விசிலை வாயில் வைத்தார். இந்தப் பயில்வான் என்ன செய்யப் போகிறான் என்று மட்டும் கேட்டுவிட்டு ஊதலாம் என்று நினைத்தார். மணி அடித்துவிட்டது.

அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும். முட்டி வலிக்கு நன்றாகத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, சிலந்தி வலையைத் தலையில் வாங்கிக்கொண்டு நின்றார். பயில்வான் கூப்பிடாமல் தன் பழைய கதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தான். சோஃபியாவின் தொண்டை வெண்கலத் தொண்டை. ஒரு எழுத்து விடாமல் கீழே கேட்டது. தான் போட்ட விதியைத் தானே பதுங்கி நின்று மீறுகிற ஒரு மாஸ்டர் உலகத்தில் உண்டா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டே மறுநாளும் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில் யசோதா மேடம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நூலகத்தில் நின்றார். மாஸ்டர் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்.

"ஒரு பிள்ளகூட இல்லையே மாஸ்டர்?"

"பாருங்க மேடம். ஒரு புக்கு கிழியல. ஒரு அட்டை கசங்கல." பெருமையாகத்தான் சொன்னார்.

மேடம் அந்தச் சரிவுக் கோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "எங்க வீட்லயும் ஒரு ஷோகேஸ் இருக்கு மாஸ்டர். அதுலயும் எதுவும் ஒடஞ்சதில்ல. ஏன்னா யாரும் தொடறதில்ல." பெருமூச்சு விட்டார். "நான் அன்னைக்கே சொல்லிட்டேன், இல்லயா?"

மாஸ்டர் அவசரமாகக் குறுக்கே வந்து நின்றார். "படிக்கிறாங்க மேடம்! நல்லாப் படிக்கிறாங்க. வாங்க, காட்டறேன்" என்று அவரைப் பின்படிக்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். போன வேகத்தில், பழக்க தோஷம், விசிலை ஊதிவிட்டார்.

இந்த முறை தப்பி ஓட வழியில்லை. மேலே பூட்டிய கதவு, கீழே மேடம். பிள்ளைகள் இறங்கி வந்து சுவரோரம் நின்றார்கள். யாரும் சொல்லாமலே உயர வரிசையில் நின்றார்கள். ஒருவர் கையிலும் புத்தகம் இல்லை. எல்லோருக்கும் திடீரென்று தொப்பை போட்டிருந்தது.

"இங்க என்ன பண்றீங்க?" என்றார் மேடம்.

"சும்மா, மிஸ்."

"லைப்ரரி புக்கெல்லாம் படிப்பீங்களா?"

"இல்ல மிஸ்!" என்றது வரிசை முழுவதும் ஒரே குரலில். எத்தனையோ வருடம் அணிவகுப்புப் பயிற்சி கொடுத்தும் மாஸ்டரால் இப்படி ஒரே குரலை வரவழைக்க முடிந்ததில்லை.

"பயப்படாதீங்க, சொல்லுங்கப்பா. படிக்கிறீங்கதானே?" என்று கெஞ்சினார் அவர். அவர் கெஞ்சக் கெஞ்ச அவர்கள் தலையைப் பலமாக ஆட்டி மறுத்தார்கள். தருண் ஒரு படி மேலே போய், "படிக்கட்டுல உட்காரவே மாட்டோம் சார்" என்றான். மேடம் திரும்பி நடக்கத் தொடங்கினார்.

மாஸ்டருக்கு அந்தக் கிணறு ஞாபகம் வந்தது. மானமாவது ஒன்றாவது.

"சோஃபியா," என்றார். "அந்தப் பயில்வான் மேல வந்தானா, இல்லயா?"

மேடம் நின்றார். "எந்தப் பயில்வான்?"

"கதையில வர்றவன் மேடம். எனக்குக் கன்னடம் படிக்க வராது. இந்தப் பொண்ணு படிக்கிறதத் தெனமும் இந்தப் படிக்கு அடியில நின்னு திருட்டுத்தனமாக் கேக்கறேன். ரூம்ல பேசக் கூடாது, மாத்தக் கூடாதுன்னு எழுதி மாட்டி இவங்கள வெரட்டி விட்டதே நான்தான். இங்க உக்காந்தா இங்கயும் வெரட்டினேன். அதான் இல்ல இல்லங்கறாங்க. தப்பு பசங்க மேல இல்ல."

சோஃபியா காலால் தரையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"நீங்க கீழ நிக்கிறது. தைலம் வாசனை வருமே சார், மேல வரைக்கும்." சற்றுத் தயங்கினாள். "தருண் பக்கத்துலதான் இருக்கான், அவனுக்கு மெதுவாச் சொன்னாலே போதும். உங்களுக்குக் கேக்கணும்னுதான் சார் சத்தமாப் படிச்சேன்."

மாஸ்டருக்குக் கூச்சமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, எதைக் காட்டுவது என்று தெரியாமல் விசில் கயிற்றை முறுக்கிக்கொண்டு நின்றார். சட்டைகளுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகப் பிரவுன் அட்டைகள் வெளியே வந்தன. கசங்கி, சிப்ஸ் எண்ணெய் பட்டு, பென்சிலால் பெயர் எழுதி. அனுஷாவின் சமையல் குறிப்பின் மேல் 'டைனோசர் இல்லை, ஏமாறாதீர்கள்' என்று எழுதியிருந்தது.

மேடம் சிரித்து ஓய வெகு நேரமாயிற்று. "ரூம் லேபுக்குப் போகத்தான் போகுது மாஸ்டர். இவங்களுக்கு ரூம் எதுக்கு? அலமாரிய இங்க மேல கொண்டாந்து வெச்சுக்கங்க, மாடிக் கதவத் தொறந்து விடச் சொல்றேன். ஆனா ஒருத்தர் இங்க இருந்து பாத்துக்கணும். நீங்க அந்த விசில மட்டும் ஆபீஸ்ல குடுத்துடுங்க."

விசிலைக் கழற்றிக் கொடுத்தார். வேலை தப்பியது, அறை போயிற்று, போர்டு குப்பைக்குப் போயிற்று. அலமாரி மேலே ஏறிய அன்று உயர வரிசையைப் பிள்ளைகளே கலைத்துப் போட்டார்கள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார், பார்க்கச் சகிக்கவில்லை.

"சரி, இப்பவாவது சொல்லு சோஃபியா. வந்தானா இல்லயா?"

"முடிவ மட்டும் தனியாக் கேக்கக் கூடாது சார். இங்க வந்து உக்காந்து கேக்கணும். அதான் இங்க ரூல்."

"முட்டி வலிக்குதும்மா."

"ரூல்னா ரூல் சார்" என்றான் தருண், நகர்ந்து இடம் விட்டபடி.

மாஸ்டர் கைப்பிடியைப் பிடித்து, இடது காலை நீட்டி, முனகிக்கொண்டே படியில் உட்கார்ந்தார். சோஃபியா விட்ட இடத்தைத் தேடி எடுத்தாள். இப்போது அவள் சத்தமாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை.