குளிர்ந்த எண்ணெய்க்கான கட்டம்

புதுப் பம்பைத் தேர்ந்தெடுக்கும் படிவம் மூன்று நாளாக ஆலை இன்ஜினியரான அவள் மேசையில் கிடந்தது. ஒரு கட்டம்தான் பாக்கி: குளிர்ந்த நிலையில் எண்ணெயின் பாகுத்தன்மை.

போன தடவை அதை நிரப்பாமல் அவள் ஒரு கோடு போட்டிருந்தாள். ஆலை நிற்பதே இல்லை, பாமாயில் எப்போதும் சூடாகத்தான் ஓடும் என்று நம்பிப் போட்ட கோடு. தேர்ந்தெடுத்தது பல்சக்கரப் பம்பு. வழி அடைத்திருந்தாலும் அது தள்ளிக்கொண்டே இருக்கும். பிறகு ஆலை இரண்டு நாள் நின்றது. குழாயில் எண்ணெய் மெழுகாக உறைந்தது. அழுத்தம் ஏறினால் திறக்கவேண்டிய வால்வுக்குள்ளும் உறைந்தது. காலையில் ஃபிட்டர் சுவிட்சைப் போட்டார். பம்பின் மூடி பிய்த்துக்கொண்டு வந்து அவர் நெஞ்சில் அடித்தது.

அவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஸ்க்ரூடிரைவர் முனையைப் பம்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்.

"உங்க புள்ளைக்குக் குளிருதாம்மா," என்பார் அவளிடம், அவள் தேர்ந்தெடுத்த பம்பைக் காட்டி.

அவள் வெட்கத்தோடு சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

மேனேஜர் வந்து நின்றார். "அதே பம்பையே எழுதிடும்மா. மாத்தினா, பழசு தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வால்வைப் பாக்காம ஓட்டிட்டார்னு விசாரணையில சொல்லிக்கலாம்."

"அவர் பாக்காம ஓட்டமாட்டார் சார்."

"செத்தவர் வந்து கோவிச்சுக்கப் போறாரா? உன் வேலையக் காப்பாத்திக்க."

அவள் பம்பு அறைக்குப் போனாள். மோட்டாரைக் கழற்றியிருந்தார்கள். மூடியில்லாத பம்பு மட்டும் சிமெண்டு மேடையில் இருந்தது. ஆணியில் தொங்கிய ஃபிட்டரின் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அதில் ஊன்றிக் காதில் வைத்தாள்.

மோட்டார் இல்லாத பம்பில் எதுவும் கேட்கக்கூடாது. கேட்டது. குளிரில் பல் தந்தியடிப்பது போல, விட்டு விட்டு. சுவரில் ஊன்றிப் பார்த்தாள், சத்தமில்லை. மறுபடி பம்பில் வைத்தாள். இருந்தது. கைப்பிடி கதகதப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ தன் காதிலிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரி.

மேசைக்குத் திரும்பிக் கட்டத்தை நிரப்பினாள். பம்புக்கும் குழாய்க்கும் வால்வுக்கும் எண்ணெயைச் சூடாக வைக்கும் நீராவி உறை வேண்டும் என்று கீழே எழுதினாள். பிறகு பழைய படிவத்தை எடுத்து, கோட்டுக்குப் பக்கத்தில் எழுதினாள்: 'கோடு போட்டது நான். குளிர்கிறது என்று ஃபிட்டர் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.' கையெழுத்திட்டு விசாரணைக் கோப்பில் வைத்தாள்.

மேனேஜர் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "வேலை போயிடும்மா."

"தெரியும் சார்."

ஸ்க்ரூடிரைவரை ஆணியிலேயே மாட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆனாலும் அந்தப் பல் தந்தியடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.