வாரின் கடைசித் துளை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிவிட்டு, என் கடைக்கு வரும் வெண்டல் சொன்னது. வட மினசோட்டாவின் இந்தச் சின்ன ஊரில் பதினாறு வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இதுவரை ஒருவர் ரகசியத்தையும் வெளியே விட்டதில்லை. பெயர்களை மாற்றிவிட்டேன். மற்றபடி, இங்கே என்னைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது என்ற தைரியம்தான்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "வெண்பனி போர்த்திய ஆற்றின் மேல் காலைக் கதிரவன் மெல்ல—"

அடித்துவிட்டேன். மைனஸ் இருபத்தெட்டு டிகிரியில் எவனும் கதிரவனைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.

2

வெண்டலின் மனைவி ஜோலீன். நாற்பத்தொரு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஜனவரியில் உறைந்த ஆற்றின் மேல் நடக்கும் மோட்டார் பனிவண்டிப் பந்தயத்தில் வண்டி ஓட்டுவாள். வண்டியைப் பார்த்துக்கொள்வது வெண்டல்.

போன வருஷம் மூன்றாவது வளைவில் வண்டி திரும்பாமல் நேரே போய்க் கரைமரத்தில் மோதியது. நான்கு விலா எலும்பு, ஒரு தோள்பட்டை. பெண்ணுக்கு வேகம் கைமீறிவிட்டது என்றது ஊர். அவளும் அதை நம்பினாள். வலி மாத்திரை வாங்க வரும்போதெல்லாம், அந்த நேரத்தில் தன் புத்தி எங்கே போனது என்று என்னிடம் கேட்பாள்.

3

கொஞ்சம் இயந்திரம் பேசியாக வேண்டும். வண்டிக்கு முன்னால் இரண்டு சறுக்குப்பலகை, அடியில் ஓடுகிற ரப்பர் பட்டை. பட்டையின் முன்பக்கத்தை, வரிசையாகத் துளை போட்ட ஒரு வார் இழுத்துப் பிடித்திருக்கும். வாரை இறுக்கினால் பாரம் முன்னால் வந்து பலகைகள் பனியைக் கவ்வும். கடைசித் துளைவரை தளர்த்தினால் நேர்ப்பாதையில் சீறும். வளைவில் எவ்வளவு திருப்பினாலும் வழுக்கிக்கொண்டே போகும்.

(வெண்டலைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. பயந்தவன், அவ்வளவுதான்.)

4

இந்த வருஷம் புது வண்டி. பந்தயத்துக்கு நாற்பது நிமிடம் இருக்கும்போது ஜோலீன் ஒத்திகை ஓட்டம் முடித்து வந்தாள். வளைவில் முன்பக்கம் வழுக்குகிறது என்றாள். பயம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று தன்னையே நொந்துகொண்டாள்.

வெண்டல் மண்டியிட்டான். வாரின் போல்ட்டைக் கழற்றி, இரண்டு துளை தள்ளி இறுக்கினான். அவள் மறுபடி ஒரு சுற்றுப் போனாள். வண்டி சொன்னபடி திரும்பியது. வந்து நிறுத்தினாள், தலைக்கவசத்தைக் கழற்றினாள், அவனையே பார்த்தாள்.

"எப்பவும் மொதல்ல பாக்குற ஸ்பிரிங்கக்கூட நீ பாக்கல. நேரா வாருக்குப் போன."

"ம்."

"போன வருஷம் எந்தத் துளைல இருந்துச்சு?"

[இந்த இடத்தில் "ஞாபகமில்லை" என்று அவனுக்காக நான் ஒரு பொய் எழுதிக் கொடுத்தேன். அவன் சொன்னது வேறு.]

"கடைசித் துளை. நேர்ப்பாதைல இழுக்கட்டும்னு தளர்த்தினேன். திரும்ப இறுக்க மறந்துட்டேன். நீ ஆஸ்பத்திரில இருக்கும்போதுதான் பாத்தேன்."

"ஒரு வருஷமா நான் என்னையே திட்டிக்கிட்டிருந்தேன், வெண்டல். நீ பக்கத்துல உக்காந்து காப்பி குடிச்சிக்கிட்டிருந்த."

அவள் கையை நீட்டி ஸ்பேனரை வாங்கினாள். இப்போது வளைவில் பின்பக்கம் வெளியே வீசுகிறது, வாரை ஒரு துளை தளர்த்தினால் சரியாக இருக்கும் என்றாள், அவனிடம் இல்லை, வண்டியிடம். கையுறை இல்லாமல் அவள் விரல்கள் வெளுத்துப்போயின. அவன் உதவக் குனிந்தான்.

"தொடாத."

5

அவள் ஜெயித்து வந்து அவனைக் கட்டிக்கொண்டாள் என்று ஒரு முடிவு எழுதினேன். அதே மரத்தில் மறுபடி மோதினாள் என்று இன்னொன்று. இரண்டும் எனக்கு வசதியான முடிவுகள்.

நடந்தது இது. வெண்டல் ஓடிப்போய் மூன்றாவது வளைவில் நின்றான். அவள் வேகத்தை ஒரு இழை குறைக்காமல் வந்தாள். பலகைகள் கவ்வின. வாரியடித்த பனி அவன் முகம் முழுக்க. துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் போய்விட்டாள். ஆறாவதாக வந்தாள்.

வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கட்டிவிட்டு, பிக்கப் வண்டியில் எப்போதும் அவன் உட்காரும் ஓட்டுநர் இருக்கையில் அவள் ஏறினாள். இஞ்சினைப் போட்டுவிட்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மறுபக்கம் வந்து கதவின் கைப்பிடியில் கை வைத்தான்.

என் கடையில் நின்று இதுவரைக்கும் சொன்ன வெண்டல், மருந்துப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். கதவு பூட்டியிருந்ததா என்று நான் கேட்கவில்லை. பூட்டியிருந்ததாக ஒருமுறை எழுதினேன். திறந்திருந்ததாக ஒருமுறை. அவளுக்காக முடிவு செய்ய எனக்குக் கை வரவில்லை.

அந்தக் குளிரில் நீங்கள் போய் நில்லுங்கள். கைப்பிடியை இழுத்துப் பாருங்கள்.