வெறும் கரைப்பான்

"மாத்திரையை நிறுத்திட்டியா? யாரைக் கேட்டு நிறுத்தினே?"

"அதைத் தின்னு தின்னு முகம் பூசணிக்காய் மாதிரி ஊதிப்போச்சுடி. அதான் உன் மருந்து வரப்போகுதே, அப்புறம் எதுக்கு அந்தச் சனியன்?" என்று சிரித்தாள் அக்கா.

சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல் முட்டிகள் கோலிக்குண்டுகளாகச் சிவந்து வீங்கியிருந்தன. தையல் மெஷின் உறை போட்டபடி மூலையில் கிடந்தது.

அக்காவுக்கு மூட்டுவாதம். கிருமியோடு சண்டை போட வேண்டிய வெள்ளையணுக்கள், வேலியே பயிரை மேய்ந்த கதையாக, சொந்த மூட்டையே கடித்துக் குதறும் வியாதி. மாத்திரைதான் அவற்றைக் கட்டிப் போட்டிருந்தது. நிறுத்தினால் எலும்பு அரிக்கும். அரித்தது அரித்ததுதான், திரும்ப வராது.

சின்னவள் ஆராய்ச்சிக்கூடத்தில் அந்த அணுக்களோடுதான் மாரடிக்கிறாள். வெறி பிடித்த வெள்ளையணு சர்க்கரையை மளமளவென்று எரிக்கும். அந்த அடுப்பைத் திருகிவிடுவது ஒரு நொதி. அதை ஒரு மருந்தால் முடக்கிப் பார்த்தாள். கிண்ணத்திலிருந்த அணுக்கள் பெட்டிப் பாம்பாக அடங்கின. வீக்கத்தைக் கிளப்பும் சுரப்பு பாதியாகக் குறைந்தது. அக்காவிடம் ஓடிவந்து சொன்னாள். கூடத்தின் தலைவர் அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, மருந்து சீக்கிரமே வந்துவிடும் என்று டிவியில் சொன்னார். ஒலிவாங்கியைக் கண்டால் விடமாட்டார் என்பதால் அவருக்கு 'மைக்' என்றே பெயர்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த மாணவி கேட்டாள். "மேடம், ஒப்பிட்டுப் பார்க்க மருந்து போடாம வெச்ச கிண்ணத்துல என்ன ஊத்தினீங்க?"

"தண்ணி."

"மருந்தை எதுல கரைச்சீங்க?"

"அது தண்ணியில கரையாது. அதனால கரைப்பான்ல..." சொல்லும்போதே சின்னவளுக்குத் தன் தவறு உறைத்தது.

மருந்தோடு எது போகிறதோ, அது மருந்தில்லாத கிண்ணத்துக்கும் போக வேண்டும். முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கும் பாடம். அவசரத்தில் அதைக் கோட்டை விட்டிருந்தாள். வெறும் கரைப்பானை மட்டும் ஊற்றிப் பார்த்தாள். அணுக்கள் அதற்கும் அப்படியே அடங்கின. மருந்தைச் சேர்த்தால் கூடுதலாக ஒரு மண்ணும் நடக்கவில்லை. அந்த நொதிக்கும் சுரப்பு குறைந்ததற்கும் சம்பந்தமே இல்லை.

மைக்கிடம் போய் நின்றாள். "இப்போ வாயைத் திறக்காதே. ஊரெல்லாம் சொல்லியாச்சு. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதையெல்லாம் இப்போது அக்காவிடம் கொட்டினாள். அக்கா கண்ணைச் சிமிட்டினாள்.

"என்னை மாத்திரை முழுங்க வைக்கத்தானே இந்தக் கதை?"

"கதை இல்லக்கா, சத்தியம்! அப்படியே அது நிஜமா இருந்தாலும், கிண்ணத்துல நடந்ததுதானே? உன் கைக்கு வந்து சேர பல வருஷம் ஆகும்னு அப்பவே சொன்னேன்ல?"

"நீ சொன்னே. உங்க பெரியவர் டிவியில சீக்கிரமே வந்துடும்னாரே!"

வேறு வழியில்லை. சின்னவள் மைக்குக்கு போன் போட்டாள். அக்காவுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். "சார், என் அக்கா மாத்திரையை நிறுத்திட்டா. நம்ம முடிவு தப்புன்னு ஒரு வார்த்தை நீங்களே சொல்லிடுங்க. ப்ளீஸ்."

மறுமுனையில் தேன் ஒழுகும் குரல். "வணக்கம்மா. உங்க தங்கச்சிக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி. சின்னச் சின்ன சந்தேகம் எல்லா ஆராய்ச்சியிலும் வரும். நீங்க நம்பிக்கையோட இருங்க."

"சார், மாத்திரை..." என்று சின்னவள் அலறுவதற்குள் போன் அடங்கிவிட்டது.

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா? எவ்வளவு பெரிய மனுஷன்! உனக்குத்தான் சின்ன வயசிலேருந்தே உன் மேல நம்பிக்கை கிடையாது."

"தப்பு பண்ணினதே நான்தான்க்கா!"

"போடி. தப்பு பண்ணினவளை டிவியில காட்டுவாங்களா?"

தங்கையின் கன்னத்தைத் தட்ட அக்கா கையைத் தூக்கினாள். விரல்கள் நிமிரவில்லை. புறங்கையால் தடவிக் கொடுத்தாள்.

சின்னவள் அலமாரியிலிருந்து மாத்திரையை எடுத்து வந்து வாயருகே நீட்டினாள். அக்கா உதடுகளை இறுக மூடிக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.