நுனி வலப்பக்கம்

மேஜை விரிப்பு தரையில் புரள்வதைக் கண்டதும் சிவஞானத்துக்கு முகம் சுண்டியது. "பையா, இதை ஊப்பர் கரோ! எவனாவது காலை விட்டு இழுத்தான்னா மொத்தமும் சரிஞ்சிரும்." இந்திக்கார அலங்காரக்காரனுக்குப் பாதிதான் புரிந்தது; ஆனாலும் விரிப்பை உயர்த்திக் கட்டினான். ரஜனிகந்தா பூவை அப்புறப்படுத்தச் சொன்னார். வாசனைப் பூ பக்கத்திலிருந்தால் சாம்பார் மணக்காது. பூச்சாடி தாடைக்கு மேலே உயரக்கூடாது, எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் தெரியவேண்டும். மத்திய அரசில் அதிகாரியாக இருந்தவர். சொந்தத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் பந்தி மேற்பார்வை அவருடையதுதான். இன்று ஜனக்புரி சமுதாயக்கூடத்தில் பேத்தி ஷ்ரேயாவுக்கு நிச்சயதார்த்தம்.

வட்ட மேஜையில் இலைகளின் நுனியெல்லாம் நடுவைப் பார்த்திருக்க, அழகுக்காகப் போட்டுவைத்திருந்தான் அந்தப் பையா. தலையிலடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நுனியை இடப்பக்கம் திருப்பினார் சிவஞானம். தம் இருக்கைக்கு நேர் எதிரே இருந்த இலைக்கு வந்ததும் கை ஒரு கணம் நின்றது. அதை மட்டும் வலப்பக்கமாகத் திருப்பினார். அவர்கள் பக்கத்தில் இறந்தவர்களுக்குப் படைக்கும் இலையைத்தான் அப்படிப் போடுவார்கள்.

மனைவி தாயம்மாள் பார்த்துவிட்டாள். "என்னங்க இது? உசுரோட இருக்க பிள்ளைக்கு..."

"அத்தை வந்து எங்கூட உக்காந்தாதான் மோதிரம் போடுவேன்னு உன் பேத்தி சொன்னா. சரின்னேன். இலையை எப்படிப் போடணும்னு அவ சொல்லலியே."

மகள் சுஜாதா வேறு சாதிக்காரனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று, தலைமுழுகிவிட்டு வந்து, தனக்கு இனி மகன் மட்டும்தான் என்று சொன்னவர் அவர். இன்றைக்கு அவளை உட்காரவைத்தால், அன்று பேசியதெல்லாம் வெறும் வாய்ச்சவடால் என்று ஊரே சிரிக்காதா? அவளாகப் பார்த்துப் புரிந்துகொண்டு எழுந்து போய்விடவேண்டும். அவர் மானம் அந்த ஒரு இலையில் இருந்தது.

சுஜாதா வந்து உட்கார்ந்தாள். காதோரம் நரைத்திருந்தது. இலையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த அவள் மகள் மாதுரி, "மம்மி, உங்க இலை மட்டும் உல்டா இருக்கு. பையா கலத்தா போட்டுட்டார்" என்று திருப்பப் போனாள்.

சுஜாதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுடா. இது பையா போட்டதில்ல."

அவள் எழவில்லை, அழவும் இல்லை. அவியலை ரசித்துச் சாப்பிட்டாள். பாயசம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள். சிவஞானத்துக்குத்தான் சோறு இறங்கவில்லை. எங்காவது பார்வையை ஒளிக்கலாம் என்றால், பூச்சாடிகள் எல்லாம் அவர் சொன்னபடியே தாழ்வாக இருந்தன.

சாப்பிட்டு முடித்தவள் இலையை மடித்தாள். விசேஷ வீட்டில் எல்லோரும் தம் பக்கமாகத்தான் மடிப்பார்கள். அவள் சாவு வீட்டில் செய்வதுபோல எதிர்ப்பக்கமாக, அவரைப் பார்க்க மடித்து, விளிம்பை விரலால் அழுத்திவிட்டு எழுந்து கைகழுவப் போனாள்.

"டேபிளெல்லாம் நீங்களே நின்னு பாத்தீங்களாமே! ஒரு குறை சொல்ல முடியாது, போங்க!" என்றார் பக்கத்திலிருந்த சம்பந்தி பட்டாபி.

சிவஞானம் தலையசைத்தார். மடிந்த இலைக்கடியிலிருந்து மீந்த பாயசம் கசிந்து, வெள்ளை விரிப்பின்மேல் மெல்ல அவர் பக்கம் வந்துகொண்டிருந்தது.